புனேயின் மலைச்சரிவும் புவியீர்ப்பின் இரு முகங்களும்

சென்னையிலிருந்து மும்பை செல்லும் ரயிலில் ஏறிப் புனேயில் இறங்கும் தமிழர் வழியில் துங்கபத்திரை, கிருஷ்ணை, பீமை ஆகிய பேராறுகளைக் கடந்து வருகின்றனர். கரிசல் வெளியும் சோளக்கொல்லையும் மாறி மாறி வரும் அந்த நெடும்பாதையில் வண்டி பெருமலை எதனையும் ஏறியதாகத் தோன்றுவதில்லை. ஆயினும் புனே நிலையத்தில் மூட்டை முடிச்சுகளை இறக்கி வைக்கும்போது நாம் கடல்மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 560 மீட்டர் உயரத்தில் நிற்கிறோம். கிர்க்கியிலும் ராஸ்தா பேட்டையிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்கள் இவ்வுயரத்திலேயே உண்டு உறங்கி வருகின்றன. அதனை உடலால் உணர்ந்ததாக எவரும் சொல்லக் காணோம்.

இவ்வாறு உணரப்படாத ஒன்றைப் பற்றியதே இக்கட்டுரை. புவியீர்ப்பு என்றவுடன் நமக்கு நினைவு வருவது எடை. தலைச்சுமையும் தண்ணீர்க்குடமும் நம்மைக் கீழ்நோக்கி அழுத்துவது அதனாலே. ஆனால் புவியீர்ப்புக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று, ஒரு கிலோகிராம் பொருளைப் பூமி ஓரிடத்தில் எவ்வளவு வலிமையுடன் இழுக்கிறது என்பது. இதனை ஈர்ப்பு வலிமை என்போம். மற்றொன்று, அதே பொருளை ஓரிடத்திலிருந்து வேறோரிடத்திற்கு உயர்த்த எவ்வளவு ஆற்றல் செலவாயிற்று, அது மீண்டும் இறங்கினால் எவ்வளவு ஆற்றல் திரும்பும் என்பது. இதனை ஈர்ப்புநிலை என்போம். முன்னதை நாம் ஒவ்வொரு கணமும் உணர்கிறோம். பின்னதை உணர்வதற்கு நமக்குப் புலன் இல்லை. ஆயினும் புனேக்கு மேற்கேயுள்ள சஹ்யாத்திரி மலைச்சரிவின் 160 ஆண்டு வரலாற்றை நோக்கினால், ரயில் பாதை அமைத்ததும், மும்பை ஆலைகளை ஓட்டியதும், ஐம்பதுக்கு மேற்பட்ட ஊர்களின் வாழ்வைப் புரட்டியதும் இந்தப் பின்னதே என்பது விளங்கும்.

முதலில் எடைக் கணக்கைத் தீர்த்துவிடுவோம். சென்னையில் ஈர்ப்பு வலிமை வினாடிக்கு வினாடி 9.78 மீட்டர் என்னும் அளவில் உள்ளது. புனேயிலும் ஏறத்தாழ அதுவே. உயரம் கூடக்கூட வலிமை குறையும் என்பது உண்மை. ஆனால் பூமி துருவப் பக்கம் சற்றுத் தட்டையாக இருப்பதாலும் தன்னைத்தானே சுற்றுவதாலும், நடுக்கோட்டிலிருந்து வடக்கே செல்லச் செல்ல வலிமை கூடும். புனே சென்னைக்கு வடக்கே ஐந்து பாகைக்கு மேல் தள்ளியிருக்கிறது. ஆதலின் உயரத்தால் இழந்ததை வடக்கு நோக்கிய பயணம் ஈடுசெய்துவிடுகிறது. இரண்டு ஊர்களின் வலிமையும் ஐயாயிரத்தில் ஒரு பங்களவுகூட வேறுபடாது. சாதாரணத் தராசோ அந்தச் சிறு வேறுபாட்டையும் காட்டாது. அதன் இரு தட்டுகளும் ஒரே இடத்தில்தானே தொங்குகின்றன! வில்தராசு ஒன்றே அதனைக் காட்டவல்லது.

எடை மாறவில்லை, ஆனால் நிலை மாறிவிட்டது. 60 கிலோ எடையுள்ள ஒருவரைக் கடற்கரையிலிருந்து புனேயின் உயரத்திற்கு ஏற்றியதில் செலவான ஆற்றல், 100 வாட் மின்விளக்கொன்றை ஒரு மணிக்குச் சற்றுக் குறைவான நேரம் எரிக்கப் போதுமானது. இவ்வளவுதானா என்று நேயர்கள் எண்ணலாம். ஒருவருக்கு இவ்வளவுதான். ஓர் ஏரித் தண்ணீருக்கு எவ்வளவு என்பதைப் பின்னர்க் காண்போம்.

இவ்விரண்டிற்கும் உள்ள உறவை விளக்கப் புனே வட்டாரத்தைவிடச் சிறந்த இடம் அரிது. தக்காணப் பீடபூமி மேற்கே உயர்ந்து கிழக்கே தாழ்ந்தது. லோணாவளாவுக்கு அருகில் மலைவிளிம்பில் நின்று மேற்கே நோக்கினால் கொங்கண நிலம் காலடியில் செங்குத்தாக விழுந்து கிடக்கும். கிழக்கே நோக்கினாலோ நிலம் வங்கக் கடல்வரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் மெல்ல மெல்ல இறங்கிச் செல்லும். விளிம்பில் நிற்பவருக்கு இருபுறமும் கடல்மட்டம் வரையுள்ள உயரம் ஒன்றே; சாய்வுதான் வேறு. சாய்வு ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்குத் தெரிகிறது. உயரமோ எல்லா அடிகளையும் கூட்டினால்தான் கிட்டுகிறது. ஈர்ப்பு வலிமை இந்தச் சாய்வை ஒத்தது. ஈர்ப்புநிலை உயரத்தை ஒத்தது. ஓரிடத்திலிருந்து ஒரு மீட்டர் மேலே சென்றால் ஈர்ப்புநிலை எவ்வளவு மாறுகிறதோ, அதுவே அவ்விடத்தின் ஈர்ப்பு வலிமை. இது உவமை மட்டும் அன்று. கணித இலக்கணமும் இதுவே.

இனி வரலாற்றுக்கு வருவோம். இந்தியாவின் முதற் பயணிகள் ரயில் 1853ஆம் ஆண்டு பம்பாயிலிருந்து தாணாவுக்கு ஓடியது. ஐந்தாண்டுக்குள் மலைமேல் கண்டாலாவிலிருந்து புனேக்கும் பாதை அமைந்துவிட்டது. நடுவில் நின்றது போர் காட் எனப்படும் மலைச்சரிவு. அந்நாளில் பயணிகள் அடிவாரத்தில் வண்டியை விட்டிறங்கிப் பல்லக்கிலும் மட்டக்குதிரையிலும் மாட்டுவண்டியிலும் மேலேறி, கண்டாலாவில் மீண்டும் ரயில் பிடித்தனர். அச்சரிவில் பாதை அமைக்கும் பணி 1856இல் தொடங்கி 1863 ஏப்ரலில் முடிந்தது. ஏறத்தாழ 15 மைல் நீளத்தில் 1,831 அடி ஏற வேண்டும். மிகக் கடிய இடத்தில் 37 அடிக்கு ஓரடி ஏற்றம். இருபத்தைந்து சுரங்கங்களும் எட்டுப் பாலங்களும் அமைத்தனர். வேலை உச்சத்தில் இருந்த 1861இல் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் அங்கிருந்தனர். காலராவிலும் காய்ச்சலிலும் வெடி விபத்துகளிலும் மாண்டோர் ஏராளம். அவர்கள் பெயர் எந்தப் பாலத்திலும் பொறிக்கப்படவில்லை. ஒப்பந்தம் எடுத்து வந்த சாலமன் டிரெட்வெல் என்னும் ஆங்கிலேயர் 1859இல் வந்த சில வாரங்களிலேயே மாண்டார். அவர் மனைவி ஆலிஸ் டிரெட்வெல் ஒப்பந்தத்தைக் கைவிடாது, பொறியாளர்களை அமர்த்தி வேலையை முடித்துத் தந்தார் என்பது இவ்வரலாற்றில் பலரும் அறியாத செய்தி.

அப்பாதையில் ஒரு வேடிக்கை இருந்தது. வளைவதற்கு இடமில்லாத ஓர் இடத்தில் வண்டி முட்டுமுனை ஒன்றில் நின்று, எஞ்சினை மறுமுனையில் மாட்டிக்கொண்டு, வந்த திசைக்கு எதிர்த்திசையில் மேலே ஏறும். 1920களின் இறுதியில் புதிய பாதை அமைந்து அந்நிலையம் மறைந்தது. வண்டி இப்படிக் குறுக்கும் நெடுக்கும் அலைந்ததால் அதற்குக் கூடுதல் ஈர்ப்புநிலை கிடைத்ததா? இல்லை. பல்லக்கில் போனாலும் பாறைமேல் கயிறு கட்டி ஏறினாலும் சுரங்கம் சுற்றிப் போனாலும், கர்ஜத்திலிருந்து லோணாவளாவுக்குச் சென்ற ஒரு கிலோவுக்கு ஈர்ப்புநிலையில் ஏற்படும் மாற்றம் ஒன்றே. உராய்விலும் பிரேக்கிலும் வீணாவது வழிக்கு வழி வேறுபடும். ஈர்ப்புக்குச் செலுத்தும் தொகையோ புறப்பட்ட இடத்தையும் சேர்ந்த இடத்தையும் மட்டுமே பொறுத்தது. பொறியாளர்கள் வழியை நீட்டியது தொகையைக் குறைப்பதற்காக அன்று, அதனைச் சிறு சிறு தவணைகளாகச் செலுத்துவதற்கே. மொத்தக் கடன் அப்படியே இருக்கும். தவணைதான் எஞ்சினின் சக்திக்கு அடங்க வேண்டும்.

மின்சார எஞ்சின்கள் வந்தபின் மற்றொன்றும் கைகூடிற்று. கீழிறங்கும் எஞ்சினின் மோட்டார்களையே மின்னாக்கிகளாக மாற்றி, இறங்குவதால் வரும் ஆற்றலில் ஒரு பகுதியை மேற்கம்பிக்குத் திருப்பித் தரலாம். ஒரு வண்டி இறங்க, அந்த மின்சாரத்தில் மற்றொரு வண்டி ஏறலாம். கிணற்றில் ஒரு வாளி இறங்க மறுவாளி ஏறுவதைக் கண்டவர்க்கு இது புதிதன்று.

அறிவியலார் இவ்விரு முகங்களையும் ஒரே காலத்தில் கண்டுகொண்டார்கள் அல்லர். முதலில் அகப்பட்டது வலிமை. 1672இல் ஜான் ரிஷே என்னும் பிரெஞ்சு வானியலார் பாரிசில் சரியாக ஓடிய ஊசற் கடிகாரத்தைத் தென் அமெரிக்காவின் கயேன் நகருக்குக் கொண்டுசென்றார். அங்கே அது நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கிற்று. நடுக்கோட்டருகே ஈர்ப்பு மெலிவதே காரணம். 1687இல் வெளிவந்த நியூட்டனின் பெருநூல் இதனையும் எடுத்துக்கொண்டு விளக்கியது. அன்றுமுதல் ஊசலே ஈர்ப்பு வலிமையை அளக்கும் கோல் ஆயிற்று.

நம் நாட்டில் அக்கோலைத் தூக்கிக்கொண்டு குமரிமுனைப் பகுதியிலிருந்து இமயம் வரை சென்றவர் மாபெரும் முக்கோண அளவைத்துறையைச் சேர்ந்த கேப்டன் பாசெவி. 1865 முதல் அவர் ஊரூராக ஊசலாட்டத்தை எண்ணினார். அதிலிருந்து வியப்பான முடிவு ஒன்று கிட்டிற்று. அவ்வளவு பெரிய இமயம் பக்கத்தில் இருந்தும், அங்கே ஈர்ப்பு எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. மலைக்கு அடியில் பாறை எடைகுறைந்து கிடக்கிறது என்பதே அதன் பொருள். 1871 ஜூலையில் லடாக்கில் 15,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், கடுங்குளிரில், அளவை வேலையின்போதே பாசெவி உயிர்நீத்தார்.

ஈர்ப்புநிலையோ ஏட்டுக் கணக்கிலேயே நெடுங்காலம் கிடந்தது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லக்ராஞ்சும் லாப்லாசும் அதனைக் கையாண்டனர், பெயரிடவில்லை. 1828இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் ஜார்ஜ் கிரீன் என்பவர் மின்சாரத்தையும் காந்தத்தையும் பற்றி ஒரு நூலைத் தம் செலவில் அச்சிட்டார். அதில்தான் ஆங்கிலத்தில் இன்றும் வழங்கும் பெயர் அக்கணியத்திற்கு இடப்பட்டது. அவர் பேராசிரியர் அல்லர். பள்ளிப் படிப்பு ஓராண்டளவே. காற்றாலை வைத்து மாவரைத்து விற்பவர். முன்பணம் கட்டி நூலை வாங்கிக்கொண்டோர் ஐம்பது பேர் அளவில் இருந்தனர். அவர்களுள் எத்தனை பேர் அதனைப் படித்துப் புரிந்துகொண்டிருப்பர் என்று நமக்கு ஐயமே. கிரீன் 1841இல் மறைந்தார். அதன்பின் கெல்வின் பிரபு எனப் பிற்காலத்தில் பெயர்பெற்ற வில்லியம் தாம்சன் அந்நூலைத் தேடியெடுத்து உலகறியச் செய்தார். நிலையாற்றலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை 1853இல் ராங்கின் என்னும் ஸ்காட்லாந்துப் பொறியாளர் வழக்கில் கொண்டுவந்தார். பம்பாயில் ரயில் ஓடத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

வலிமையும் நிலையும் வெவ்வேறு என்பதை ஐயமற உணர வேண்டுமாயின், பூமியைவிட்டுச் சற்று வெளியே செல்ல வேண்டும். ஈர்ப்புநிலையை ஒரு கடனாக எண்ணிக்கொள்வோம். பூமியின் மேற்பரப்பில் கிடக்கும் ஒரு கிலோ பொருளை அதன் பிடியிலிருந்து முற்றும் விடுவிக்க ஏறத்தாழ 17 யூனிட் மின்சாரத்திற்குச் சமமான ஆற்றல் வேண்டும். அதுவே நம் கடன். இனிச் சனிக்கோளைப் பாருங்கள். அதன் மேகப் பரப்பில் ஈர்ப்பு வலிமை பூமியில் உள்ளதைவிடச் சிறிதே கூடுதல். அங்கே நிற்க ஒரு தரை இருக்குமானால் நம் எடை பெரிதும் மாறியிராது. ஆனால் அங்கிருந்து விடுபடச் செலுத்த வேண்டிய கடனோ பூமியினுடையதைப்போல் பத்து மடங்கு. சனி மிகப் பெரிது. அதன் ஈர்ப்பு நெடுந்தூரம் வரை மெலியாமல் தொடர்கிறது. இழுப்பு ஒன்றாக இருந்தும், இழுக்கப்படும் வழி நீண்டுவிட்டது. பூமியின் நடுப்புள்ளியை எடுத்துக்கொண்டால் இதற்கு மறுதலையானது நிகழும். அங்கே எல்லாப் பக்கமும் சமமாக இழுப்பதால் ஈர்ப்பு வலிமை சுழி, எடையே இராது. ஆயினும் பூமியில் கடன் மிக ஆழமான இடம் அதுவே. கிணற்றின் அடித்தளம் சமதளமாக இருக்கலாம். அதற்காக ஆழம் இல்லாமற் போய்விடுமா?

இதனைக் கடிகாரங்களும் சொல்லும். ஊசற் கடிகாரத்தை அடிவாரத்திலிருந்து மலைமேல் கொண்டுசென்றால் ஈர்ப்பு வலிமை சற்றுக் குறைவதால் அது நாளுக்குச் சில வினாடி பின்தங்கும். அணுக்கடிகாரத்தை அதே மலைக்குக் கொண்டுசென்றால் அது முந்தும்! ஐன்ஸ்டைன் 1907இல் இதனைக் கருத்தளவில் கண்டார். 1960இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பவுண்டு, ரெப்கா என்னும் இருவர் 74 அடி உயரத்திற்குள்ளேயே இதன் விளைவை அளந்து காட்டினர். ஊசல் வலிமைக்குக் கட்டுப்பட்டது. காலத்தின் ஓட்டமோ ஈர்ப்புநிலைக்குக் கட்டுப்பட்டது. அக்கணக்கின்படி புனேயில் வைத்த அணுக்கடிகாரம் சென்னைக் கடற்கரையில் வைத்ததைவிட ஆண்டொன்றுக்கு ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு அளவு முந்தி ஓடும். ஜயந்த் நார்லீகர் முதல் இயக்குநராக இருந்து வளர்த்த, 1988இல் நிறுவப்பட்ட புனே வானியல் ஆய்வு மையத்தின் வளாகத்தில் ஆரியபட்டர், கலீலியோ, நியூட்டன், ஐன்ஸ்டைன் ஆகியோரின் சிலைகளைக் காணலாம். அவர்களுள் பின்னிருவரும் இவ்விரு கடிகாரங்களுக்கும் உரியவர்கள் எனலாம்.

கடிகாரக் கணக்கு நுட்பமானது. தண்ணீர்க் கணக்கு பருமனானது. சஹ்யாத்திரி விளிம்பில் பருவமழை கொட்டுகிறது. அங்கே பிறக்கும் இந்திராயணி, மூளை முதலிய ஆறுகள் அரபிக்கடலை ஏறத்தாழக் கண்ணுக்கெட்டிய தொலைவில் வைத்துக்கொண்டே அதற்கு முதுகு காட்டிக் கிழக்கே ஓடி, பீமையோடும் கிருஷ்ணையோடும் கலந்து வங்கக் கடலைச் சேர்கின்றன. இந்நீரைத் தேக்கி மேற்கே திருப்பிவிட்டால் ஒரே பாய்ச்சலில் ஆயிரக்கணக்கான அடி விழுமே என்னும் எண்ணத்தை ஜம்ஷெட்ஜி டாட்டா ஏற்றுக்கொண்டார். அவர் 1904இல் காலமானார். அவருடைய மைந்தர் காலத்தில் 1911இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 1915 பிப்ரவரியில் கோபோலி மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. லோணாவளா, வல்வண், ஷிரவட்டா ஏரிகளில் தேங்கிய நீர் கால்வாய் வழியே மலைவிளிம்பை அடைந்து, இரும்புக் குழாய்களில் 1,700 அடிக்கு மேல் இறங்கிச் சக்கரங்களைச் சுழற்றிற்று. அங்கிருந்து மின்சாரம் பம்பாய்ப் பஞ்சாலைகளுக்குச் சென்றது.

இங்கே நம் இரு முகங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். மேலேயுள்ள ஏரிக்கும் கீழேயுள்ள சக்கரத்திற்கும் ஈர்ப்பு வலிமையில் உள்ள வேறுபாடு ஐயாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஏரியிலிருந்த ஒரு குடம் நீரும் ஆலையடியில் உள்ள ஒரு குடம் நீரும் கைக்கு ஒரே கனம். ஆனால் மேலிருந்து இறங்கிய நீர் குழாய்முனையை விட்டுப் பீறிடும்போது வினாடிக்கு ஏறத்தாழ 100 மீட்டர் விரைவில் பாய்கிறது. விரைவு ரயில்கூட அதற்கு ஈடாகாது. வீண் எதுவும் இல்லையெனில் 700 லிட்டர் நீர் ஒரு யூனிட் மின்சாரம் தரும். ஓர் ஏரியில் எத்தனை எழுநூறு லிட்டர் என்று எண்ணிப் பார்த்தால், ஆலை முதலாளிகள் ஏன் இம்மலையை நாடினர் என்பது புரியும். தமிழ்நாட்டில் 1932இல் நீலகிரியின் பைக்காராவில் எழுந்த மின்நிலையமும் இதே வித்தைதான். அங்கே நீர் விழுவது 900 மீட்டருக்கு மேல். கோவைப் பஞ்சாலைகளில் பணிபுரிந்த குடும்பத்தார் அதன் பயனை அறிவர். 1895இல் முடிந்த பெரியாறு அணையை மதுரைப் பக்கத்தார் மறக்கமாட்டார்கள். அங்கே மேற்கே ஓடிய நீரை மலையைக் குடைந்து கிழக்கே, வயல்களுக்குத் திருப்பினார்கள். இங்கே கிழக்கே ஓடிய நீரை மேற்கே, ஆலைகளுக்குத் திருப்பினார்கள். நீர் திரும்பிய திசையை மட்டும் அன்று, அது யாருக்காகத் திரும்பியது என்பதையும் வரலாற்று மாணவர் குறித்துக்கொள்ள வேண்டும்.

கோபோலி வெற்றிபெறவே ஆசை விரிந்தது. 1922இல் பிவ்புரி நிலையம் இயங்கிற்று. அடுத்து நோக்கியது புனேக்கு மேற்கேயுள்ள முள்ஷி பள்ளத்தாக்கு. மூளை ஆறு பாயும் அந்நிலத்தில் மாவளர் என்னும் உழவர் குடிகள் நெல் பயிரிட்டு வந்தனர். மாம்பூவின் மணம் கமழ்வதால் 'ஆம்பேமோஹர்' என்று பெயர் பெற்ற அரிசி அவ்வட்டாரத்திற்குப் புகழ் தந்தது. அணை எழுந்தால் ஐம்பதுக்கு மேற்பட்ட ஊர்களின் நிலம் நீரில் மூழ்கும்; ஏறத்தாழப் பதினோராயிரம் மக்கள் இடம்பெயர வேண்டும். அவர்கள் தம் வயலை உழுநிலமாக மட்டுமே அறிவர். அது கொங்கணத்திற்குமேல் 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்பதும், அவ்வுயரத்திற்குச் சந்தையில் விலை உண்டு என்பதும், அந்த விலை தமக்குக் கிடைக்காது என்பதும் அளவைக்கோலுடன் வந்தவர்களைக் கண்டபின்தான் தெரிந்தன.

1921 ஏப்ரல் 16ஆம் நாள், இராமநவமியன்று, ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாக உழவர்கள் அணைகட்டும் இடத்தில் சென்று அமர்ந்துவிட்டனர். காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் பரவிக்கொண்டிருந்த காலம் அது. பாண்டுரங்க மகாதேவ பாபட் என்பாரும் வினாயகராவ் புஸ்குட்டே என்பாரும் தலைமை தாங்கினர். வேலை சில காலம் நின்றது. பின்னர் அரசாங்கம் நிலத்தைக் கையகப்படுத்தி இழப்பீடு வழங்குமாறு வகைசெய்தது. அப்போதுதான் பிளவு தோன்றியது. அப்பள்ளத்தாக்கின் நிலத்தில் பெரும்பகுதி புனேயிலிருந்த வட்டிக்கடைக்காரர்களுக்குக் கடனாக எழுதப்பட்டிருந்தது. அவர்களுக்குப் பணம் வந்தால் போதும். உழவருக்கோ பணத்தை வைத்துக்கொண்டு எங்கே உழுவது என்று தெரியவில்லை. நகரத்துத் தலைவர்கள் பலர் மெல்ல விலகினர். பாபட் விலகவில்லை, பலமுறை சிறை சென்றார். 1924இல் ரயில் பாதையில் கற்களை வைத்து வண்டியை மறித்த வழக்கில் பல ஆண்டுகள் சிறையிருந்தார். மக்கள் அவருக்கு அளித்த 'சேனாபதி' என்னும் பட்டம் முள்ஷியில் கிடைத்ததே. அணைகளை எதிர்த்து மக்கள் ஒன்றுதிரண்டு நடத்திய போராட்டங்களுள் உலகிலேயே முற்பட்டவற்றில் ஒன்றாக இதனை அறிஞர் கருதுகின்றனர். ஆயினும் போராட்டம் தோற்றது. அணை எழுந்தது, 1927இல் மலையடிவாரத்தில் பீரா மின்நிலையம் இயங்கத் தொடங்கிற்று.

ஈர்ப்புநிலைக் கணக்கில் ஒரு விந்தை உண்டு. சுழி எங்கே என்பதை நாமே வைத்துக்கொள்ளலாம்; கடல்மட்டத்திலும் வைக்கலாம், மலையுச்சியிலும் வைக்கலாம். வேறுபாடு ஒன்றே பொருளுடையது. முள்ஷி ஏரி தானாகப் பார்த்தால் அமைதியான நீர்ப்பரப்பு. பீராவை அதற்குக் கீழே வைத்துப் பார்த்தால்தான் அது மின்சாரம். முள்ஷி உழவர் மேட்டை மட்டுமே உடையவர். பள்ளமும், குழாயும், இரண்டையும் இணைக்கும் மூலதனமும் பிறரிடம் இருந்தன. மாவளர் ஏமாற்றப்பட்டதற்கு அவர்களுடைய அறியாமையே காரணம் என்று அக்காலத்து ஆங்கில அதிகாரிகள் சிலர் எண்ணியிருக்கலாம். நாம் அவ்வாறு எண்ணவில்லை. வேறுபாட்டில் மட்டும் பிறக்கும் ஒரு செல்வத்தை அதன் ஒரு முனையில் இருப்பவர் தனியே விலைபேச இயலாது என்பதே காரணம் எனத் தோன்றுகிறது.

பிற்காலத்தில் பீராவில் விழுந்த நீரை மின்சாரம் மிகும் நேரத்தில் மேலேற்றி, தட்டுப்படும் நேரத்தில் மீண்டும் விழச்செய்யும் பொறியும் அமைந்தது. நம் ஆனைமலைப் பகுதியில் காடம்பாறை மின்நிலையம் 1980களின் இறுதியிலிருந்து இம்முறையில் அமைந்ததே. ஏற்றச் செலவாவதைவிட இறங்கும்போது கிடைப்பது எப்போதும் குறைவு. குழாயும் பொறியும் தம் பங்கை எடுத்துக்கொள்ளும். ஈர்ப்பு மட்டும் ஒரு காசும் பிடித்துக்கொள்வதில்லை.

இந்த ஏரிகளின் நீரைப் பற்றிய வழக்கு முடிந்துவிடவில்லை. பீமை பாயும் வறண்ட மாவட்டங்களிலிருந்து, மேற்கே திருப்பப்படும் இந்நீரைப் பழையபடி கிழக்கே விடவேண்டும் என்னும் கோரிக்கை பல ஆண்டுகளாக எழுந்துவருகிறது. அவ்வாறு விடப்படின் முள்ஷியின் நீர் மூளை ஆற்றில் இறங்கி, புனே நகருக்குள் முட்டை ஆற்றோடு கூடி, பீமையில் கலந்து, உஜனி அணையில் தங்கி, பண்டரிபுரத்தைத் தொட்டு, ராய்ச்சூருக்கு அருகே கிருஷ்ணையைச் சேர்ந்து, ஆந்திரக் கரையில் கடலில் புகும். மேற்கே சில கிலோமீட்டருக்குள் இழக்கும் உயரத்தையே அது கிழக்கே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நடந்து இழக்கும். வழியில் எந்தப் பெருஞ்சக்கரத்தையும் அவ்வளவு விரைவில் சுழற்றாது. கரும்பையும் சோளத்தையும் நனைத்துச் செல்லும். சென்னை வண்டியில் ஊருக்குத் திரும்பும் நேயர்கள் பீமைப் பாலத்தைக் கடக்கும்போது கீழே ஓடும் நீரைச் சற்று எட்டிப் பார்க்கலாம். கோடையாயின் பெரும்பாலும் மணலையே காண்பர்.